வாடகைக் கூறை

"ஸ்கேர்ட் எண்டு மட்டும் வாய் தவறியும் சொல்லிப்போடாத மச்சான்" என்று என் நண்பன் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். "கில்ட் எண்டு சொல்லு. கடைக்கார மனுசி கோவக்காரி. போனிலேயே தெரிஞ்சுது."

கார் ஓட்டியது நான். ஸ்பிரிங்வேலில் புறப்பட்டதிலிருந்து அவன் கால்கள் ஆடிக்கொண்டே இருந்தன. அடுத்த மாதம் அவனுக்குக் கல்யாணம். காலையில் மலையடிவாரத்து ஊரான த பேசினில், பிள்ளையார் கோயிலில் தாலி. பின்னேரம் அதே மலையடிவாரத்தில் ஒரு மண்டபத்தில், ஸ்கொட்லாந்து முறையில் இன்னொரு தரம். பெண்ணின் அப்பா ஸ்கொட்லாந்தில் பிறந்தவர். இளம் வயதில் கப்பலேறி வந்து, பஸ் ஓட்டி, ஓய்வு பெற்றவர். அவருடைய குளியலறைக்கு டைல்ஸ் பதிக்கப் போன இடத்தில்தான் இவன் அவளைக் கண்டான். சில நாளில் முடிகிற வேலை. அதை அவன் எப்படியெல்லாம் இழுத்தான் என்று எனக்குத் தெரியும். சாமான் சுமந்து கொடுத்தவன் நான்.

காலையில் அவள் கூறைச்சேலை கட்டுவது, பின்னேரம் இவன் ஸ்கொட்லாந்து ஆண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் கில்டைக் கட்டுவது என்று இருவரும் பேசி முடித்திருந்தார்கள். எங்கள் கல்யாணங்களில் சடங்கின் நடுவில் பெண் எழுந்து போய், மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த கூறையைக் கட்டிக்கொண்டு வந்த பிறகுதான் தாலி ஏறும். அதை அவளுக்கு விளங்கப்படுத்திய கையோடு இவனுக்கு ஒரு எண்ணம் வந்துவிட்டது. "அவள் என்ர கூறையைக் கட்டுறாள். நான் அவையின்ர கூறையைக் கட்டுறன். கணக்குச் சரி" என்று காண்கிறவர்களுக்கெல்லாம் சொன்னான். ஊரிலிருக்கும் தன் அம்மாவிடமும் சொன்னான். 'கூறை' என்ற அந்த ஒரு சொல் பின்னால் என்ன பாடு படுத்தப்போகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது.

நானும் அவனும் அகதிகளாக ஒரே படகில் இந்த நாட்டுக்கு வந்தவர்கள். எட்டாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. அந்த வருடம் சண்டை எங்கள் பக்கம் வந்தது, கூரை போனது, பிறகு யாரும் படிப்பைப் பற்றிக் கேட்கவில்லை. இங்கே வந்த பிறகு மில்டுராவில் திராட்சை பிடுங்கினேன், ஷெப்பர்ட்டனில் பேரிக்காய், பிறகு கோழி வெட்டும் ஆலை, பெயின்ட் வேலை. ஓரிடத்தில் ஆறு மாதம் இருந்தால் எனக்குக் காலில் எறும்பு ஊரும். அந்த வருடமும் குயின்ஸ்லாந்துக்குப் போக ஒரு பையைக் கட்டி வைத்திருந்தேன். அவன் வந்து, "நீதான் தோழன்" என்றான். மாப்பிள்ளைத் தோழன் என்றால் பெண்ணின் தம்பி இருக்க வேண்டும். அவளுக்குத் தம்பியும் இல்லை, அண்ணனும் இல்லை. "காலமை தலைப்பாகையோட என்ர பக்கத்தில இருக்கிறாய். பின்னேரம் கில்டோட என்ர பக்கத்தில நிக்கிறாய்" என்றான். பையை அவிழ்த்தேன்.

கடையில் நுழைந்ததும் கம்பளியின் மணம் மூக்கில் ஏறியது. சுவர் முழுக்கக் கட்டம் போட்ட துணிகள்: பச்சை, நீலம், சிவப்பு, இடையில் மெல்லிய மஞ்சள் கோடு. கடைக்காரி வயதானவள், குள்ளம், கழுத்தில் அளவு நாடா. இவன் மணப்பெண்ணின் குடும்பப் பெயரைச் சொன்னதும் எந்தக் கட்டம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கட்டமாம்.

"இடுப்பைக் காட்டு" என்றாள்.

அவன் சாரம் கட்டுகிற இடத்தைக் காட்டினான், தொப்பைக்குக் கீழே. நாங்கள் பிறந்ததிலிருந்து சாரம் கட்டுகிறவர்கள். இடுப்பு எங்கே என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று அவன் நினைத்தது முகத்தில் தெரிந்தது. அவள் நாடாவைத் தொப்புளுக்கு மேலே ஏற்றி இறுக்கினாள். அவனுக்கு மூச்சு நின்றது.

"இவ்வளவு மேலயோ? நெஞ்சில கட்டச் சொல்லுறாள்" என்றான் என்னிடம்.

பிறகு அவனை நிலத்தில் முழங்காலில் நிற்கச் சொன்னாள். அப்படி நிற்கும்போது துணியின் கரை நிலத்தைத் தொடக்கூடாதாம். அதுதான் சரியான நீளமாம்.

"இப்பவே முழந்தாளில நிண்டு பழகு, பிறகு லேசா இருக்கும்" என்றேன்.

"சிரிக்காத. அடுத்தது நீதான்."

ஒவ்வொன்றாக மேசைமேல் வைத்தாள். குட்டைக் கோட்டு, முன்னால் தொங்கவிடும் ரோமம் வைத்த தோல் பை, வெள்ளைக் கம்பளிக் காலுறை, கணுக்காலுக்கு மேல் நாடா சுற்றிக் கட்டும் சப்பாத்து. கடைசியில் ஒரு சின்னக் கத்தி. அதை வலது காலுறைக்குள் செருக வேண்டுமாம். என் நண்பன் கத்தியைத் தொடாமல் பார்த்துக்கொண்டு நின்றான். எங்கள் ஊரில் காலுறைக்குள் கத்தியோடு சோதனைச்சாவடிக்குப் போனவன் திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. கடைக்காரி அதை உறையிலிருந்து உருவிக் காட்டினாள். பிளாஸ்டிக். இரண்டு பேரும் ஒரேயடியாகச் சிரித்தோம். அவளுக்குக் காரணம் விளங்கவில்லை, ஆனாலும் சிரித்தாள். கோபக்காரி இல்லை.

வாசல்வரை போனவன் திரும்பி, காதுவரை சிவந்துபோய், எல்லாரும் கேட்கிற அந்தக் கேள்வியைக் கேட்டான். உள்ளே என்ன போடுவது?

"சொந்தக் கில்ட் என்றால் உன் விருப்பம். இது வாடகை. கட்டாயம் போடுகிறாய்" என்றாள்.

கல்யாணத்துக்கு முதல் நாள், சனிக்கிழமை, உடுப்புகளைப் போய் எடுத்து வந்தோம். நாங்கள் அறை எடுத்திருந்த வீட்டின் சொந்தக்காரி ஒரு அன்ரி. யாழ்ப்பாணத்தில் ஆசிரியையாக இருந்தவர். எங்கள் இரண்டு பேருக்கும் சமைக்கத் தெரியாது என்று கண்டுபிடித்த நாளிலிருந்து எங்களை அதட்டிக்கொண்டே சோறு போடுகிறவர். குசினியிலிருந்து கை துடைத்துக்கொண்டு வந்து, கதிரையில் அமர்ந்து, "எங்க, உடுத்துக் காட்டுங்கோ பாப்பம்" என்றார்.

உடுத்தினோம். கில்டின் ஒரு பாதி தட்டை, மறுபாதி முழுக்க மடிப்பு மடிப்பாகத் தைத்தது. எந்தப் பக்கம் முன்னால்? கடைக்காரி சொன்னாள்தான். கத்தியைப் பார்த்த சிரிப்பில் எங்கள் காதில் ஏறவில்லை.

"கொசுவம் முன்னுக்குத்தானே வரும்! சேலையைப் பாக்கேல்லையோ? பட்டு வேட்டியைப் பாக்கேல்லையோ? பின்னுக்கு ஆரும் கொசுவம் வைப்பினமோ?" என்றார் அன்ரி. அவர் சொன்னபடியே மடிப்புகளை முன்னால் வைத்து, பிறகு கை பழகின இடத்துக்கு, தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டினோம். கரை கெண்டைக்காலில் தொங்கியது. தோல் பையை மாட்டினால் மடிப்புகளின் மேல் அது ஒரு பக்கம் சரிந்தது.

"இந்தப் பை வெத்திலை வைக்கவோ?" என்று கேட்டார் அன்ரி.

"போன் வைக்க அன்ரி."

"வடிவாத்தான் இருக்கு. கொஞ்சம் கர்ப்பிணி மாதிரி இருக்கு. பரவாயில்லை."

படமெடுத்துப் பெண்ணுக்கு அனுப்பினோம். உடனே போன் அடித்தது. அந்தப் பக்கம் சிரிப்பு மட்டும்தான். மூச்சு வாங்கி, திரும்பவும் சிரித்து, கடைசியில்தான் ஆங்கிலத்தில் பேச்சு வந்தது. "முன்பக்கம் பின்னால், பின்பக்கம் முன்னால். கீழே இருப்பது மேலே வர வேண்டும். மற்றபடி எல்லாம் சரி." அவள் அப்பாவிடமும் காட்டினாள் போல. தூரத்தில் ஒரு ஆண் குரல் இருமி இருமிச் சிரித்தது.

திருப்பி, உயர்த்தி, தோல் வார்களை இறுக்கிக் கட்டியதும் அவன் வேறு ஆளாக நின்றான். நிமிர்ந்துவிட்டான். நெஞ்சு வரைக்கும் இறுகினால் நிமிராமல் என்ன செய்வான்? கண்ணாடியில் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தான். மடிப்புகள் விசிறி மாதிரி அசைந்தன. "மச்சான்..." என்றான். நானும் எனதைக் கட்டிக்கொண்டேன். இரண்டு பேரும் அன்ரியின் வரவேற்பறையில் மேலும் கீழும் நடந்தோம், கல்யாணம் எங்கள் இரண்டு பேருக்கும்தான் என்பது போல.

அந்தச் சந்தோஷத்தில்தான் அவன் அம்மாவுக்கு வீடியோ கோல் எடுத்தான்.

அம்மா வவுனியாவில் மகள் வீட்டில் இருக்கிறார். எங்கள் விசாவில் நாங்கள் போய் வர முடியாது, அவருக்கு இங்கே வர விசா கிடைக்கவில்லை. இந்தக் கல்யாணத்தில் அவருக்கு உள்ள ஒரே கதிரை அந்தப் போன்தான். முதலில் முகம் முழுக்கச் சிரிப்பு. கோட்டு வடிவாம். பிறகு போனைக் கீழே காட்டச் சொன்னார்.

"சாரத்துக்குப் போடுற கட்டமெல்லோ இது?"

"அவையின்ர குடும்பத்துக் கட்டம் அம்மா. இதுதான் கூறை."

"நல்லது. என்ன விலை?"

"வாங்கேல்லை அம்மா. வாடகைக்கு."

அம்மாவின் முகம் திரையில் அப்படியே நின்றது. போன் நின்றுவிட்டதோ என்று அவன் தட்டிப் பார்த்தான்.

"ஊரான் உடுத்துக் கழட்டினதையோ?"

"தோய்ச்சுத்தான் தருவினம் அம்மா."

"கூறை எண்டு சொன்னாய். கூறையை ஆரும் இரவல் வாங்குவினமோ? எத்தினை பேர் உடுத்தினதோ? அதில எத்தினை பேர் பிரிஞ்சு போனாங்களோ? புதுக் கோடி உடுத்தாமல் உனக்கென்னடா கலியாணம்?"

"அம்மா, தாலி காலமை. அதுக்குப் புது வேட்டி."

"அதைப் பாப்பன். பின்னேரம் எனக்குப் போன் எடுக்காத. நான் பாக்கமாட்டன்." திரை இருண்டது.

அவன் கில்டோடு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். மடிப்புகள் கசங்கும் என்று அன்ரி கத்தியும் எழும்பவில்லை. புதிது தைக்க வாரக்கணக்கில் ஆகும். கில்ட் வேண்டாம், கோட் சூட் போடலாம் என்றால் பெண்ணின் அப்பா இருக்கிறார். மகளுக்காக நாளை காலையில் வேட்டி கட்டிக்கொண்டு நிலத்தில் சம்மணம் போட்டு உட்காரப்போகிறவர். வீட்டில் ஒரு கிழமையாகச் சம்மணம் பழகுகிறாராம். அவரிடம் போய் என்ன சொல்வது?

"கோட் சூட் போடட்டோ?" என்று என்னிடம் கேட்டான்.

எனக்கு அம்மாவின் கோபம் விளங்கவேயில்லை. இந்த நாட்டில் நான் போட்ட முதல் குளிர்கோட்டின் பைக்குள் முன்னே போட்டவரின் பஸ் டிக்கெட் இருந்தது. கட்டில், மெத்தை, சப்பாத்து எதுவும் எனக்குப் புதிதாக வந்ததில்லை. ஆனால் அதையெல்லாம் அம்மாவிடம் சொன்னால் அழுவார். அவர் கேட்டது என் கதையை இல்லை. "நாளைக்குப் பாப்பம்" என்றேன்.

ஞாயிறு காலை கோயிலில் நல்ல குளிர். மலைப்பக்கத்திலிருந்து மூடுபனி இறங்கியிருந்தது. பெண் கூறையைக் கட்டிக்கொண்டு வந்தபோது எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அப்பா வேட்டிக்கு மேல் பெல்ட் போட்டு, அதற்கும் மேல் ஒரு கையால் பிடித்துக்கொண்டே இருந்தார். அன்ரி போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். அங்கே இன்னும் விடியவில்லை. இருட்டில் அம்மாவின் முகம் மட்டும் தெரிந்தது, கண் துடைப்பதும் தெரிந்தது. நானும் என் நண்பனும் கல் வைத்த தலைப்பாகையோடு மணவறையில் இருந்தோம். தாலி ஏறியது. மேளம் கொட்டியது.

ஆசீர்வாதம் முடிந்து அரிசி தலையிலிருந்து உதிருமுன்னே மணவறை போட்ட ஆள் வந்து நின்றார். "தம்பியவை, எனக்கு டண்டினோங்கில இன்னொரு கலியாணம் இருக்கு. கெதியாத் தாங்கோ." என் நண்பனின் தலையிலிருந்து தலைப்பாகையைத் தூக்கி, கவிழ்த்து, உள்ளே வேர்வையை ஒரு துணியால் ஒற்றி, பெட்டிக்குள் வைத்தார். அடுத்தது எனது.

பெட்டியின் மூடி மூடப்பட்டதும் எனக்கு ஒரு யோசனை வந்தது. அன்ரியின் கையிலிருந்து போனைப் பறித்துக்கொண்டு அந்த ஆளின் பின்னால் கார் நிறுத்துமிடத்துக்கு ஓடினேன். வேட்டியோடு ஓடுவது லேசில்லை.

"அம்மா, இஞ்ச பாருங்கோ! உங்கட மகன்ர தலைப்பாகை எங்க போகுது எண்டு பாருங்கோ!"

வான் கதவு திறந்திருந்தது. உள்ளே தலைப்பாகைப் பெட்டிகள் அடுக்காக இருந்தன. எல்லாவற்றையும் காட்டினேன்.

"அது வாடகை. அதுக்கென்ன தம்பி?" என்றார் அம்மா.

"அதுக்கு ஒண்டுமில்லை. எத்தினை மாப்பிள்ளையின்ர தலையில இருந்து வந்தது எண்டு நீங்கள் கேக்கேல்லை."

"தலைப்பாகை எல்லாரும் வாடகைக்குத்தானே எடுக்கிறது."

"உங்கட கலியாணத்திலயும்?"

அம்மா கன்னத்தில் கை வைத்தார். பிறகு மூக்கால் ஒரு சிரிப்பு வந்தது. "இவன்ர அப்பாவின்ர தலைப்பாகை சந்தையடிக் கடையில எடுத்தது. சரியான பெரிசு. தாலி கட்டக் குனிய, கண்ணை மூடிப்போட்டுது. முடிச்சுப் போட்டது அவரோ, அவரின்ர அக்காவோ எண்டு இண்டைவரைக்கும் எனக்குத் தெரியாது."

"பாத்தியளே! கில்டும் அதுதான் அம்மா."

"விசர்க் கதை கதையாத. தலையில வைக்கிறது வேற, இடுப்பில கட்டுறது வேற."

எட்டாம் வகுப்புவரை படித்தவனை இப்படி மடக்கலாமா?

"மஞ்சளாவது வைச்சியளோ?" என்று கேட்டார் பிறகு.

"இல்லை அம்மா."

"ஹ்ம். நான் தேத்தண்ணி குடிக்கப் போறன்." வைத்துவிட்டார்.

பார்ப்பேன் என்றும் சொல்லவில்லை, பார்க்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை. முதல் நாளைவிட இது பரவாயில்லை என்று எனக்குப் பட்டது. மண்டபத்தின் பின்னறையில் உடுப்பு மாற்றும்போது நண்பனிடம் சொன்னேன். அவன் தோல் வாரை இறுக்கிக்கொண்டே, "மஞ்சளோ? கம்பளியிலயோ? கறை பட்டால் கடைக்காரி என்னைக் கொல்லுவாள்" என்றான்.

"புது உடுப்பு எண்டால்தானே மஞ்சள் வைக்கிறது" என்றேன்.

"இவனுக்குப் புதுசுதானே?" என்றது அன்ரியின் குரல். திரும்பினோம். அவர் கோயிலிலிருந்து கொண்டுவந்த மஞ்சளைக் குழைத்து விரலில் வைத்துக்கொண்டு நின்றார். "நேற்று முழுக்க இதைத்தான் யோசிச்சனான். திரும்பு."

"அன்ரி, வேண்டாம்!"

அவன் சொல்லி முடிக்குமுன் ஒரு மடிப்பை விரித்து, உட்பக்கக் கரையில் ஒரு பொட்டு வைத்து, மடிப்பைத் திரும்ப மூடிவிட்டார். வெளியே ஒன்றும் தெரியவில்லை. பின்னர் உடுப்பைத் திருப்பிக் கொடுத்தபோது கடைக்காரி அதைக் கண்டாளோ காணவில்லையோ, ஒன்றும் கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பெண்ணின் அப்பா கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தார். தன் சொந்தக் கில்டில் அவர், நாங்கள் காலையில் பார்த்த மனிதரே இல்லை. நடை, தோள், கழுத்து எல்லாம் அவருடையதாக இருந்தது. அன்ரியின் மஞ்சள் விரலைப் பார்த்து என்னவென்று கேட்டார். கல்யாண நாளில் உடுக்கிற துணியில், உடுக்கிறவருக்கு நல்லது வரட்டும் என்று வைப்பது என்று என் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் யோசித்தார். பிறகு சட்டென்று தன் கில்டின் முன்கரையைப் பிடித்துத் தூக்கி அன்ரியிடம் நீட்டினார்.

"ஐயோ கடவுளே!" அன்ரி இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டார். மூடிய கண்ணோடே கையை நீட்டி, தடவித் தேடி, அகப்பட்ட இடத்தில் ஒரு பொட்டு வைத்தார். அது துணியில் படவில்லை. கரையைப் பிடித்திருந்த பெண்ணின் அப்பாவின் விரலில் பட்டது. அவர் அதைத் தானே எடுத்துத் துணியில் துடைத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

சிரிப்பு அடங்கவில்லை, என் கோட்டுப் பைக்குள் போன் அதிர்ந்தது. அம்மா.

"என்ன, ஒருத்தரும் எடுக்கிறியளில்லை? இஞ்ச பக்கத்து வீட்டாக்கள் எல்லாம் வந்து பாத்துக்கொண்டிருக்கினம். மஞ்சள் வைச்சாச்சோ?"

"வைச்சாச்சு அம்மா!"

"அப்ப காட்டு."

நண்பன் போனை வாங்கக் கை நீட்டினான். "நீ பிடியாத" என்றார் அம்மா. "தம்பி பிடிக்கட்டும். நீ தள்ளி நில்லு. இன்னும் தள்ளி. முழுசாத் தெரியவேணும்."

அவன் சுவரோடு போய் நின்றான். நான் மற்றச் சுவரோடு நின்றேன். தலையிலிருந்து சப்பாத்துவரை அவன் திரைக்குள் வந்தான். இத்தனை வருடமாக ஒவ்வொரு நாளும் கதைத்தார்கள். ஆனால் அவன் எப்போதும் போனைத் தன் முகத்துக்கு நேரே பிடித்துத்தான் கதைப்பான். படகு ஏறிய நாளுக்குப் பிறகு அம்மா அவனை முழு ஆளாக இப்போதுதான் பார்க்கிறார். அது எனக்கு அந்த நிமிடத்தில்தான் உறைத்தது. அவனுக்கும் உறைத்திருக்க வேண்டும். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான்.

அம்மா போனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். பக்கத்து வீட்டுப் பெண்களின் தலைகளும் திரைக்குள் வந்தன.

"வளந்திட்டான்" என்றார் கடைசியில், அவனிடம் இல்லை, யாரிடமோ. "திரும்பு." திரும்பினான். மடிப்புகள் சுழன்றன. "கொசுவம் நல்லாத்தான் எடுத்திருக்கினம். முழங்கால் உன்ர அப்பாவின்ர முழங்கால். நட பாப்பம்."

அதற்குள் வெளியே ஸ்கொட்லாந்துப் பைப் வாத்தியம் ஒரு பெரிய மூச்சோடு தொடங்கிவிட்டது. எங்கள் நாதஸ்வரத்தைப் போலவே நெஞ்சுக்குள் இடிக்கிற சத்தம். கதவைத் திறந்து யாரோ கையசைத்தார்கள். போக வேண்டும்.

"அம்மா, கூப்பிடுறாங்கள், வைக்கட்டோ?"

"ஏன் வைக்கிறாய்? அவன் முன்னுக்குப் போகட்டும். நீ பின்னால பிடிச்சுக்கொண்டு வா. எனக்கு நடையைப் பாக்கவேணும்."

தோழன் பக்கத்தில் நடக்க வேண்டும் என்று ஒத்திகையில் சொல்லித் தந்திருந்தார்கள். நான் இரண்டு கையாலும் போனை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, முழங்காலில் குளிர் அடிக்க, அவன் பின்னால் மண்டபத்துக்குள் நுழைந்தேன். கதிரைகளிலிருந்து எல்லாரும் எழுந்தார்கள். அவன் நிமிர்ந்து போனான், வேகமாகப் போனான், அங்கே அவள் நின்றாள்.

"கெதியா நட தம்பி" என்றது என் கைக்குள்ளிருந்து குரல். "அவன் போறான், கெதியா நட!"